போர்ட்டோ ரிக்கோவின் முன்யோஸ் மரீன்

பேரரசுகளின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் வகுப்பறைகளில் சொல்லி வருகிறோம். ஆயினும், தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதிகள் என்று ஐக்கிய நாடுகள் மன்றம் வைத்திருக்கும் பட்டியலில் இன்னமும் 17 பெயர்கள் இருக்கின்றன. பெர்முடா, குவாம், நியூ கலிடோனியா, ஜிப்ரால்டர் என்று அப்பட்டியல் நீள்கிறது. ஆனால் அப்பட்டியலில் இருக்கும் இடங்களைவிட, அதிலிருந்து 1953ஆம் ஆண்டு நீக்கப்பட்ட ஒரு தீவுதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. அத்தீவுக்குத் தனிக் கொடி உண்டு; அரசியல் சட்டம் உண்டு; மக்களே தேர்ந்தெடுக்கும் ஆளுநர் உண்டு; ஒலிம்பிக் போட்டிக்குத் தனி அணிகூட உண்டு. எனினும் அங்கு வாழும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு, போருக்கு அனுப்பும் அதிகாரம் படைத்த குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இல்லை. அத்தீவுதான் கரிபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ. அதற்கு இந்த விசித்திரமான நிலையைத் தேடித் தந்தவர் லூயிஸ் முன்யோஸ் மரீன்.

விடுதலை வாங்கித் தந்த தலைவர்களின் வரலாறுகளைப் படித்துப் பழகியவர்கள் நாம். விடுதலை வேண்டும் என்று இளமையில் முழங்கி, ஆட்சி கைக்கு வந்தபின் அது இப்போது வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் வரலாறு நமக்குப் புதிது. அவரைத் தீவின் தந்தை என்போரும் உண்டு. துரோகி என்போரும் உண்டு. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அந்த மனிதரைச் சற்று அருகில் சென்று பார்க்க விரும்புகிறேன்.

கதை அவருடைய தந்தையிடம் தொடங்குகிறது. தந்தை லூயிஸ் முன்யோஸ் ரிவேரா கவிஞர், பத்திரிகையாளர், அரசியல்வாதி. நானூறு ஆண்டுகள் தீவை ஆண்ட ஸ்பெயினோடு வாதாடி, 1897ஆம் ஆண்டு இறுதியில் ஒரு தன்னாட்சிச் சாசனத்தைப் பெற்றவர்களுள் முதன்மையானவர். அச்சாசனத்தில் ஒரு விதி இருந்தது. தீவின் பேரவை கேட்டுக்கொண்டாலன்றி, ஸ்பெயின் நாடாளுமன்றம் தானாக அச்சாசனத்தைத் திருத்த இயலாது என்பதே அது. வாசகர்கள் இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; மகனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே ஓடியது.

1898 பிப்ரவரியில் தன்னாட்சி அமைச்சரவை பொறுப்பேற்றது. அதே பிப்ரவரியில், 18ஆம் நாள், தலைநகர் சான் ஹுவானில் மகன் பிறந்தான். ஜூலையில் தீவின் பேரவை கூடியது. அது கூடிச் சில நாள்களே ஆகியிருந்தன. ஜூலை 25ஆம் நாள் குவானிகா என்ற துறைமுகத்தில் அமெரிக்கப் படைகள் வந்திறங்கின. ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போரில் தீவு கை மாறியது. டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. தந்தை பெற்ற சாசனம் காற்றோடு போயிற்று.

புதிய ஆட்சியில் ஆளுநரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நியமித்தார். 1901ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் விந்தையானவை. தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அன்று என்பது அவற்றின் சாரம். முன்யோஸ் ரிவேரா 1911 முதல் வாஷிங்டனில் தீவின் பிரதிநிதியாக அமர்ந்தார். அவையில் பேசலாம்; வாக்களிக்க முடியாது. அவர் 1916 நவம்பரில் மறைந்தார். நான்கு மாதங்களில், 1917 மார்ச்சில், தீவு மக்கள் அனைவரையும் அமெரிக்கக் குடிமக்களாக்கும் சட்டம் நிறைவேறியது. குடியுரிமை வந்த கையோடு கட்டாயப் படைச்சேவையும் வந்தது.

தந்தை இறந்தபோது மகனுக்கு வயது 18. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பைப் பாதியில் விட்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பெரும்பாலும் நியூயார்க்கில் கழித்தார். கவிதை எழுதினார், ஏடுகளுக்குக் கட்டுரை எழுதினார், அமெரிக்கக் கவிஞரான மூனா லீயை 1919இல் மணந்தார். இடையில் தீவுக்கு வந்து சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்களிடையே பேசினார். கையில் காசு தங்காத வாழ்க்கை. பின்னாளில் ஆளுநரான போதும் தீவு மக்கள் அவரைப் புலவர் என்ற பட்டப்பெயரால்தான் அழைத்தனர். இரு மொழிகளிலும் தேர்ந்த எழுத்தாளர் என்பது அவருடைய அரசியலுக்குப் பெரிதும் உதவியது. ஓரிடத்தில் அதுவே வினையாகவும் முடிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1931இல் அவர் தீவுக்கு நிலையாகத் திரும்பியபோது கண்ட காட்சி கொடியது. நல்ல சமவெளி நிலமெல்லாம் கரும்பு. அதில் பெரும்பகுதி அமெரிக்க முதலாளிகளின் சர்க்கரைக் கம்பெனிகள் கையில். வெட்டுக் காலம் ஆண்டில் சில மாதங்கள்தான். மீதிக் காலத்தைச் செத்த காலம் என்றே தொழிலாளர்கள் அழைத்தனர். மலைப்பகுதியில் காப்பித் தோட்டங்கள் 1928ஆம் ஆண்டுப் புயலில் அழிந்து கிடந்தன. ஹீபரோ என்று அழைக்கப்பட்ட மலைக்குடியானவன், முதலாளி நிலத்தில் குடிசை போட்டு, அவன் போ என்றால் போகவேண்டிய நிலையில் இருந்தான். ஒரு கம்பெனி 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸே 1900இல் விதித்திருந்தது. நாற்பது ஆண்டுகள் அவ்விதி ஏட்டில் உறங்கியது.

1932இல் அவர் செனட் உறுப்பினரானார். அப்போது அவர் விடுதலைக் கட்சிக்காரர்தான். அவரை உலுக்கிய ஆண்டு 1936. அவ்வாண்டு பிப்ரவரியில் தீவின் காவல்துறைத் தலைவராக இருந்த அமெரிக்கரைத் தேசியவாத இளைஞர்கள் இருவர் சுட்டுக் கொன்றனர். பிடிபட்ட இருவரும் காவல் நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அதிகாரியின் கொலையைக் கண்டிக்குமாறு வாஷிங்டன் நண்பர்கள் முன்யோஸைக் கேட்டனர். இளைஞர்களின் கொலையையும் சேர்த்தே கண்டிப்பேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த நண்பர்களை அவர் அன்றே இழந்தார்.

அக்கொலைக்குப் பின் செனட்டர் டைடிங்ஸ் என்பவர் வாஷிங்டனில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தீவு விரும்பினால் விடுதலை. ஆனால் நான்கே ஆண்டுகளில் அமெரிக்கச் சுங்கவரி முழுமையாக அதன்மேல் விழும். தீவின் பிழைப்போ வரியின்றி அமெரிக்காவில் விற்கும் சர்க்கரை. விடுதலை என்ற பெயரில் நீட்டப்பட்டது பட்டினி. முன்யோஸின் கட்சித் தலைவரே அதை ஏற்க முனைந்தபோது, முன்யோஸ் எதிர்த்தார். 1937இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அரசியல் நிலையையும் அடுப்பில் எரியும் நெருப்பையும் தனித்தனியே பேச முடியாது என்பதை அவர் கற்றது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

1938இல் மக்கள் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். ஹீபரோவின் ஓலைத்தொப்பியணிந்த முகமே சின்னம். உணவும் நிலமும் உரிமையும் முழக்கம். அவர் நடத்திய தேர்தல் ஏட்டின் பெயர்கூட வீட்டு முற்றத்தைக் குறிக்கும் நாட்டுப்புறச் சொல். இரண்டாண்டுகள் அவர் மலைப்பாதைகளில் ஊர் ஊராகச் சென்றார். அன்று தேர்தலுக்குத் தேர்தல் கரும்புக் கம்பெனிகளின் ஆட்கள் இரண்டு டாலருக்கு ஒரு வாக்கு என்று விலை பேசுவது வழக்கம். முன்யோஸ் குடியானவர்களிடம் வாக்குறுதிகளை அடுக்கவில்லை. காசா, நியாயமா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்ற பொருளில் பேசினார். தம் வேட்பாளர்கள் எந்தெந்த மசோதாக்களுக்கு வாக்களிப்பார்கள் என்பதை வெளியிட்டு, மக்கள் முன்னிலையில் அவர்களைச் சத்தியம் செய்ய வைத்தார். விடுதலையா, அமெரிக்க மாநிலமா என்ற கேள்வி இத்தேர்தலில் இல்லை என்றும் அறிவித்தார். வாக்கு விற்பனையைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆகவே 1940ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கட்சி செனட்டில் ஓர் இடப் பெரும்பான்மையைப் பெற்றது என்றால், அந்த ஓரிடம் எத்தகையது என்று நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அதன்பின் வந்த எட்டாண்டுகளைத் தீவின் பொற்காலம் என்பேன். நியமன ஆளுநராக வந்த டக்வெல் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் முற்போக்காளர், இருவரும் கைகோத்தனர். 1941ஆம் ஆண்டு நிலச்சட்டம் 500 ஏக்கர் விதிக்கு உயிர் கொடுத்தது. குடிசைவாசிகளுக்குச் சிறு மனைகள் வழங்கப்பட்டன. போ என்றால் போகவேண்டியவன் முதன்முறையாகத் தன் மண்ணில் நின்றான். குடிநீர், மின்சாரம், மருத்துவம் மலையேறின. 1940இல் சுமார் 46 ஆக இருந்த சராசரி ஆயுள், 1960இல் எழுபதை நெருங்கியது. பின்னர் ஊர்ப்புறக் கல்விக்கென்றே ஒரு துறை அமைத்து, ஓவியர்களையும் எழுத்தாளர்களையும் கொண்டு நூல்களும் சுவரொட்டிகளும் திரைப்படங்களும் செய்வித்து மலையூர்களுக்கு அனுப்பினார். ஆட்சியில் அமர்ந்த புலவர் செய்யக்கூடிய வேலை அது.

மொழிப் பிரச்சினை நமக்கு நெருக்கமானது என்பதால் அதையும் சொல்லவேண்டும். ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமே பயிற்று மொழியாகத் திணிக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்துப் பேசியதற்காக வேலை நீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை இனேஸ் மெந்தோசா. முன்யோஸ் 1946இல் மறுமணம் செய்துகொண்டது இவரைத்தான். 1949இல், முன்யோஸ் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஆண்டில், ஸ்பானிய மொழி பயிற்று மொழியாயிற்று.

1946 ஜூலையில் பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. அதே பாரிஸ் உடன்படிக்கையில் அமெரிக்காவிடம் சென்ற நாடு அது. போர்ட்டோ ரிக்கோவும் அவ்வழியே போகும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் அவ்வாண்டே முன்யோஸ் கட்டுரைகள் எழுதித் தம் மனமாற்றத்தை வெளியிட்டார். சுங்கவரியின் சுமையைக் கணக்கிட்டால் உடனடி விடுதலை தீவை வறுமைக்குத் திருப்பிவிடும், மூன்றாவது வழி ஒன்று காண வேண்டும் என்றார். விடுதலை நாடியோர் பிரிந்து தனிக்கட்சி கண்டனர்.

1947இல் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. 1948 நவம்பரில் முன்யோஸ் பெருவெற்றி பெற்று, 1949 ஜனவரி 2ஆம் நாள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆளுநரானார். தொடர்ந்து நான்கு தேர்தல்களில் அவரே வென்றார்.

இனி இருண்ட பக்கம். 1948இல், அவர் தலைமை வகித்த செனட், வாய்ப்பூட்டுச் சட்டம் என்று மக்கள் அழைத்த சட்டத்தை நிறைவேற்றியது. அரசை வீழ்த்தத் தூண்டுவதைத் தடுப்பதாகச் சொல்லி, விடுதலைக்காகப் பேசுவதும் எழுதுவதும் தனிக்கொடி ஏந்துவதும்கூடக் குற்றமாகிவிடும் நிலையை அது உண்டாக்கியது. அச்சட்டம் 1957வரை இருந்தது. காவல்துறை பல்லாயிரம் பேர்மீது இரகசியக் கோப்புகள் தொகுத்தது. 1987இல்தான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. பட்டினியை முன்னிட்டு விடுதலையைத் தள்ளிவைத்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன். தள்ளிவைக்க மறுத்தவனின் வாயை அடைத்ததை ஏற்க என்னால் இயலவில்லை.

அப்படி மறுத்தவர்களின் தலைவர் பெத்ரோ அல்பீசு காம்போஸ். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1950 ஜூலையில் தீவு தனக்கென அரசியல் சட்டம் வகுத்துக்கொள்ள அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி தந்தது. இது அடிமைத்தனத்துக்கு மக்களிடமே கையெழுத்து வாங்கும் சூழ்ச்சி என்றனர் தேசியவாதிகள். அக்டோபர் 30ஆம் நாள் ஹயூயா, உத்துவாதோ முதலிய ஊர்களில் கிளர்ச்சி வெடித்தது. ஆளுநர் மாளிகையும் தாக்கப்பட்டது. முன்யோஸ் தேசியக் காவற்படையை ஏவினார், விமானங்களும் பயன்படுத்தப்பட்டன. இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ட்ரூமனைக் கொல்ல முயற்சி நடந்தது. அல்பீசு சிறை சென்றார். 1953இல் முன்யோஸ் அவரை மன்னித்து விடுவித்தார். மறுஆண்டு தேசியவாதிகள் நால்வர் அமெரிக்கக் காங்கிரஸ் அவைக்குள் துப்பாக்கிச் சூடு நடத்த, மன்னிப்பை ரத்துச் செய்தார். 1964இல் மீண்டும் மன்னித்தபோது அல்பீசு படுத்த படுக்கை. 1965 ஏப்ரலில் இறந்தார். ஒரே தீவு, ஒரே கனவில் தொடங்கிய இருவர். இருவரையும் சேர்த்துப் படிக்காமல் எவரையும் எடைபோட முடியாது.

அரசியல் சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி வாஷிங்டனுக்குச் சென்றது. வேலை, மருத்துவம், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றை மனித உரிமைகளாக அறிவித்த ஒரு பிரிவை அமெரிக்கக் காங்கிரஸ் வெட்டி எறிந்தது. எஞ்சியதை முன்யோஸ் ஏற்றார். 1952 ஜூலை 25ஆம் நாள், அமெரிக்கப் படை இறங்கிய அதே தேதியில், தீவின் கொடியைத் தம் கையாலேயே ஏற்றினார். நான்காண்டுகளுக்கு முன் ஏந்தியவர்களைக் குற்றவாளியாக்கிய கொடியும் அதுதான்.

புதிய நிலைக்கு அவர் வைத்த ஸ்பானியப் பெயரைத் தமிழில் சொன்னால் இணைந்த சுதந்திர நாடு என்று வரும். ஆங்கிலத்தில் அதே நிலைக்கு வைத்த பெயர் காமன்வெல்த். மாசசூசெட்ஸ், கென்டக்கி போன்ற சாதாரண அமெரிக்க மாநிலங்களும் தம்மை அப்படித்தான் அழைத்துக்கொள்கின்றன. தீவில் ஒரு பொருள், வாஷிங்டனில் வேறொரு பொருள். இரு மொழியும் அறிந்த புலவரின் கைவண்ணம் இது. எழுத்துத் திறமை வினையாக முடிந்த இடம் என்று முன்னர் சொன்னேனே, அது இதுதான்.

இது இரு தரப்பும் கூடிச் செய்த ஒப்பந்தம், ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது என்று முன்யோஸ் உறுதியாக நம்பினார். தந்தை 1897இல் பெற்ற விதியைத் தாம் மீட்டுவிட்டதாகவே கருதினார் என்று தோன்றுகிறது. அமெரிக்கா ஐ.நா. மன்றத்திலும் அவ்வாறே வாதாடியது. 1953 நவம்பர் 27ஆம் நாள், 26 நாடுகள் ஆதரிக்க, 16 நாடுகள் எதிர்க்க, 18 நாடுகள் ஒதுங்கிநிற்க, தீவு தன்னாட்சி பெற்றுவிட்டது என்ற 748ஆம் தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் தீவைப் பற்றி ஐ.நா.வுக்கு ஆண்டறிக்கை தரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லாமற்போயிற்று.

ஒப்பந்தம் என்றால் அதைக் கருப்பு வெள்ளையாக எழுதித் தாருங்கள் என்று 1959இல் முன்யோஸ் தரப்பு ஒரு மசோதாவை வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்றது. அது நிறைவேறவில்லை. விடை வருவதற்கு 2016வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி விற்ற இருவரைத் தீவின் நீதிமன்றமும் அமெரிக்க நீதிமன்றமும் தனித்தனியே தண்டிக்கலாமா என்ற வழக்கு அது. பார்த்தால் சிறு வழக்கு. தீவின் அதிகாரத்துக்கு மூல ஊற்று அமெரிக்கக் காங்கிரஸே, ஆகவே அது தனி இறைமை உடையதன்று என்று ஜூன் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க அரசின் வழக்கறிஞர்களே அவ்வாறு வாதிட்டனர் என்பதை 1953ஆம் ஆண்டு வாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே மாதம், 7,000 கோடி டாலருக்கு மேல் கடனில் மூழ்கியிருந்த தீவின் வரவு செலவை மேற்பார்வையிட, மக்கள் தேர்ந்தெடுக்காத எழுவர் குழு ஒன்றை அமைக்கும் சட்டமும் கையெழுத்தாயிற்று.

கடனுக்கும் முன்யோஸ் காலத்துக்கும் தொடர்பு இல்லாமலில்லை. வரிவிலக்குத் தந்து அமெரிக்கத் தொழிற்சாலைகளை வரவழைக்கும் திட்டம் 1947இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கில் ஆலைகள் வந்தன. 1950களின் நடுவில் தொழில் வருமானம் வேளாண் வருமானத்தை மிஞ்சியது. புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாடுகளிலிருந்து அதிகாரிகள் இதைப் பார்த்துவர வந்தனர். ஆனால் கரும்பு வயலை விட்டவர்கள் அனைவருக்கும் ஆலையில் வேலை இல்லை. அந்தப் பத்தாண்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நியூயார்க் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வரிச்சலுகையால் வந்த ஆலை, சலுகை முடிந்ததும் போய்விடும். 1996 முதல் 2006 வரை அமெரிக்கக் காங்கிரஸ் அச்சலுகைகளை விலக்கியபோது அதுவே நிகழ்ந்தது.

1961 நவம்பரில் வெள்ளை மாளிகையில் முன்யோஸுக்கு விருந்தளித்தார் கென்னடி. உலகப் புகழ்பெற்ற செல்லோ இசைமேதை பாப்லோ கசால்ஸ், தம் தாய் பிறந்த தீவில் குடியேறியவர், அன்று வாசித்தார். அது முன்யோஸின் உச்சம். 1964ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டில், இன்னும் நான்காண்டு என்று தொண்டர்கள் கூக்குரலிட்டபோதும், ஐந்தாம் முறை நிற்க மறுத்துவிட்டார். பதவியைத் தானாக விட்ட தலைவர்கள் எத்தனை பேர்? இந்த ஒன்றுக்காகவே அவரை நான் வணங்குவேன். 1967 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் 60 விழுக்காட்டினர் அவர் வகுத்த நிலையை ஆதரித்தனர். 39 விழுக்காட்டினர் அமெரிக்க மாநிலமாக வேண்டும் என்றனர். மறுஆண்டே கட்சி பிளவுபட்டு ஆட்சியை இழந்தது.

1980 ஏப்ரல் 30ஆம் நாள் அவர் மறைந்தார். பரான்கீட்டாஸ் என்ற மலையூரில், தந்தையின் அருகில் அடக்கம் செய்தனர். இறுதி ஊர்வலம் சென்ற மலைப்பாதை நெடுகிலும், அவரால் மனை பெற்ற குடியானவர்களும் அவர்தம் பிள்ளைகளும் நின்றிருந்தனர்.

அவருடைய மகள் விக்டோரியா முன்யோஸ் மெந்தோசா 1992இல் அதே ஓலைத்தொப்பிச் சின்னத்தில் ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். அதற்குப்பின் 1993, 1998, 2012, 2017, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் தீவின் நிலை குறித்து வாக்கெடுப்புகள் நடந்தன. எதுவும் அமெரிக்கக் காங்கிரஸைக் கட்டுப்படுத்தவில்லை. 2024ஆம் ஆண்டு வாக்குச்சீட்டில் அமெரிக்க மாநிலம், விடுதலை, விடுதலையோடு கூடிய நட்பிணைப்பு என மூன்று தேர்வுகள் இருந்தன. முன்யோஸ் மரீன் வகுத்த நிலை அச்சீட்டில் இடம்பெறவில்லை.